சந்தனம் கலையாத கார்

இடது பக்கம் திரும்பினால் ஹார்ன் அடித்தது.

நேராகப் போனால் சாதுவாகப் போனது. வலது பக்கம் திரும்பினாலும் தொந்தரவில்லை. ஸ்டீயரிங்கை இடது பக்கம் லேசாக ஒடித்தால் போதும், 'பாஆஆம்' என்று ஊரைக் கூட்டியது. அதனால் ஜெயபாண்டி வீட்டிலிருந்து தீப்பெட்டி ஆபீசுக்கு வலது பக்கமாகவே திரும்பித் திரும்பிப் போய்ச் சேர்ந்தார். கூப்பிடு தூரத்திலிருக்கும் ஆபீசுக்கு மார்க்கெட், பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன் எல்லாவற்றையும் சுற்றிக் கோவில்பட்டியையே பிரதட்சணம் வர வேண்டியிருந்தது.

அவருக்கு அதில் பெரிய வருத்தமில்லை. கண்ணைத் திறந்துகொண்டே கனவு காண்கிற மனிதர் அவர். ஆபீசில் சூப்பர்வைசர். பண்டல்களைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே கை காற்றில் ஸ்டீயரிங் பிடிக்கும். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். கனவு எப்போதும் ஒன்றுதான். ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த கரிசல். எட்டயபுரம் தாண்டிக் கண்ணுக்கெட்டிய மட்டும் ஈரக் கறுப்பு, அதன்மேல் உளுந்தும் பாசியும் முளைத்த பச்சை. மேகம் தாழ இறங்கிக் கூடவே வருகிறது. வண்டி சத்தமே இல்லாமல் போகிறது. பக்கத்தில் செண்பகவல்லி, ஜன்னல் காற்றில் கண் சொருகி உட்கார்ந்திருக்கிறாள்.

செண்பகவல்லி அவர் மனைவி. பிறந்த ஊர் எப்போதும்வென்றான். கல்யாணமான நாளிலிருந்து ஊரில் ஒரு விசேஷமென்றால் பஸ்ஸில் போய் இறங்கி, கரிசல் சேற்றில் நடந்து, சேலைக் கரையெல்லாம் அப்பிக்கொண்டுதான் போய் நிற்பாள். காரில் வந்து இறங்கிய மதினிமார்கள் வாசலில் நின்று, "வா செண்பகம், காலக் கழுவிட்டு உள்ள வா" என்பார்கள். அந்தக் 'காலக் கழுவிட்டு' அவளுக்கு இன்னும் ஆறவில்லை. இப்போது தம்பி மணிகண்டபிரபு புது வீடு கட்டி, ஐப்பசியில் பால் காய்ச்சப் போகிறான். அவள் போனில் சொல்லிவிட்டாள்: "நாங்க எங்க கார்லதான் வருதோம்."

சொல்லிவிட்டாளே என்றுதான் ஜெயபாண்டி அந்தப் பழைய காரை வாங்கினார். ஊரில் தெருவுக்கு நாலு நிற்கிற அதே சின்ன வெள்ளைக் கார். நம்பர் ஒன்பதில் முடிந்தது. ஜோசியர் ஒன்பதுதான் ராசி என்று சொல்லியிருந்தார். வாங்கிய மறுநாள் ஆயுதபூசை. புரோக்கர் இசக்கிராஜாதான் ஓட்டிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் விட்டான். ஜெயபாண்டி ஓட்டியதெல்லாம் வீட்டிலிருந்து முக்குப் பிள்ளையார் கோயில்வரை. அந்த ஒரு தெருவில் அது பறந்தது என்றுதான் அவருக்கு நினைவு.

பூசை போடாத வண்டியில் ஏறமாட்டேன் என்று செண்பகவல்லி நடந்தே கோயிலுக்கு வந்தாள். ஆட்டோ, லோடு வேன், கார் என்று தெருவே வண்டியாக நின்றது. எல்லாவற்றுக்கும் வாழைக்கன்று, மாலை, நம்பர் தெரியாத அளவுக்குச் சந்தனம், குங்குமம். சாவிகளைத் தாம்பாளத்தில் வாங்கிப் பிள்ளையார் காலடியில் வைத்து, தீபாராதனை காட்டி, அர்ச்சகர் ஆளுக்கொரு எலுமிச்சம்பழத்தோடு திருப்பிக் கொடுத்தார். பூசணிக்காய் உடைத்தார்கள். ஜெயபாண்டி பாதிக் கண் மூடி எப்போதும்வென்றானுக்குப் போய்க்கொண்டிருந்தார். மனைவி தட்டியதும் விழித்து, கையிலிருந்த சாவிக்குத் திறந்த வண்டியில் அவளை ஏற்றிக்கொண்டு, எலுமிச்சம்பழத்தின்மேல் சக்கரத்தை ஏற்றி, இடது பக்கம் திரும்பினார்.

அப்போதுதான் முதல் 'பாஆஆம்'.

"பூசணிக்காய் ஒடச்சப்போ கண்ணு வெளிய போகாம வண்டிக்குள்ள வந்து உக்காந்துட்டு" என்றாள் செண்பகவல்லி. "சந்தனத்த மட்டும் தொடாதீங்க. நம்ம குலசாமி வாசல்ல போயிதான் கழுவணும். அதுவரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி படப்படாது."

மழை வந்தால் நம்பர் பலகைக்குப் பாலித்தீன் பை கட்டினாள். உதிர்ந்த இடத்தில் தினமும் காலையில் புதுச் சந்தனம் அப்பினாள்.

எட்டயபுரம் ரோட்டில் சங்கிலிப்பாண்டியின் ஒர்க் ஷாப். அவன் ஹார்ன் ஒயரைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு, டேப்பைச் சுற்றி, "இனி வாயத் தொறக்காது அண்ணாச்சி" என்றான்.

வாயைத் திறக்கவில்லைதான். ஆனால் அன்று சாயந்தரம் இடது பக்கம் திரும்பியபோது வைப்பர் ஆடியது. மழையில்லாத வெயிலில் 'வேண்டாம் வேண்டாம்' என்று கையாட்டிக்கொண்டே வண்டி வீடு வந்து சேர்ந்தது.

மறுநாள் ஒர்க் ஷாப் பெஞ்சில் ஒரு பெரியவர் டீக்குடித்துக்கொண்டிருந்தார். மணியாச்சி ஜங்ஷனில் வேலை பார்த்து ரிட்டையரான ஆறுமுகசாமி. வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, பேச்சில் அப்படியொரு பரிவு.

"தம்பி, ஒட்டுப் போட்டு ஓட்டாதிய. ஒயரிங் பூரா போயிருக்கும். மொத்தமா மாத்திருங்க. பொம்பளையாளு ஏறுத வண்டி."

அந்தக் கடைசி வார்த்தையில் ஜெயபாண்டி உருகிவிட்டார். ஒயரிங் பூராவும் மாற்றப்பட்டது. புது ஒயரிங்குக்குப் பழைய பேட்டரி ஆகாது என்று புது பேட்டரி. புது பேட்டரி கொடுத்த உதையில் பழைய ஸ்டார்ட்டர் 'கிர்ர்' என்று கடைசியாக ஒரு தடவை அழுதுவிட்டு அடங்கிவிட்டது.

"நல்லதாப் போச்சு" என்றார் ஆறுமுகசாமி. "நடுரோட்டுல போகாம இங்கன போச்சே."

"ஆமா அண்ணாச்சி" என்றார் ஜெயபாண்டி, உண்மையிலேயே நன்றியோடு.

புது ஸ்டார்ட்டரில் வண்டி சிலிர்த்துக் கிளம்பியது. கிளம்பிய வேகத்தில்தான் கிளச் தேய்ந்திருப்பது தெரிந்தது. கிளச் மாற்றியதும் வேகம் கூடியது. வேகம் கூடியதும் டயர் ஆடுவது தெரிந்தது. புது டயர் போட்டு பிரேக்கை அழுத்தினார். பிரேக் பிடித்தது, ஆனால் டிரைவர் சீட் பின்னால் சாய்ந்து படுத்துவிட்டது.

அது நடந்தது மெயின் ரோட்டில். மல்லாந்து கிடந்த ஜெயபாண்டிக்குக் கண்ணாடி வழியாக ரோடு தெரியவில்லை, வானம்தான் தெரிந்தது. கரிசல் காட்டுப் பக்கமிருந்து கொக்குகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஒரு மேகம் செண்பகவல்லி ஒருக்களித்துப் படுத்திருப்பதுபோல இருந்தது. எவ்வளவு அழகு என்று நினைத்தார். பின்னால் டவுன் பஸ் அடித்த ஹார்ன் எங்கோ தூரத்தில் கேட்டது.

"அண்ணாச்சி, உசுரோட இருக்கியளா?" என்று கண்டக்டர் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"இருக்கேன். கொக்கு போகுது, பாருங்க."

கண்டக்டர் மேலே ஒரு தடவையும் கீழே ஒரு தடவையும் பார்த்துவிட்டுப் போனார்.

வீட்டில் செண்பகவல்லி அழுதேவிட்டாள். "பால் காய்ப்பு நெருங்கிட்டு. மதினி போன் போட்டுக் கேக்கா, 'கார் வந்துருமா செண்பகம், இல்ல நாங்க பஸ் ஸ்டாப்புக்கு ஆள் அனுப்பவா?'ன்னு. இந்தத் தடவையும் நான் காலக் கழுவிட்டுத்தான் உள்ள போகணுமா?"

அவளுக்காக வேறென்ன செய்திருக்கிறோம் என்று ஜெயபாண்டி நினைத்தார். உடனே இசக்கிராஜாவுக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டார்.

"அண்ணாச்சி, பிள்ளையார் மேல சத்தியமா நான் குடுக்கையில வண்டி தங்கம்" என்றான் அவன். "பூசைக்குப் பொறவு வந்த கோளாறுக்கு என்னக் கேட்டா எப்படி? சாமிட்டயே கேளுங்க."

சாமியிடம் கேட்பதற்குப் பதில் ஆறுமுகசாமியிடம் கேட்டார். மனிதர் தினமும் தவறாமல் வந்துவிடுவார். தன் வண்டியைத் தெருமுக்கிலேயே நிறுத்திவிட்டு, நடப்பது உடம்புக்கு நல்லது என்று நடந்து வருவார். வந்ததும் பெஞ்சில் உட்காரமாட்டார். முதலில் காரை ஒருதரம் சுற்றி வருவார். கதவைத் தடவிப் பார்ப்பார். ஒருநாள் சங்கிலிப்பாண்டி டிக்கியிலிருந்து ஒரு பச்சைத் துணியை எடுத்து ஆயில் துடைக்கப் போனபோது, அதை மெதுவாக அவன் கையிலிருந்து வாங்கி, உதறி, அழகாக மடித்துத் திரும்ப உள்ளே வைத்தார்.

"நல்ல துணிடே. எதுக்கு வீணாக்குதே?"

பெற்ற பிள்ளைகூட இப்படிப் பார்க்காது என்று ஜெயபாண்டிக்குத் தோன்றியது. "உங்க வண்டி எப்படி அண்ணாச்சி ஓடுது?"

"நமக்கு ஒரு கொறையும் இல்ல தம்பி. பூசைக்கு முன்னால என்னப் படாதபாடு படுத்திட்டு. பூசை முடிஞ்சு எடுத்தேன் பாருங்க, பஞ்சாப் போகுது. எல்லாம் பிள்ளையார் அருள்."

"எனக்கு மட்டும் அந்தப் பிள்ளையார் ஏன் இப்படிச் செய்யுதாரு?"

ஆறுமுகசாமி அவர் தோளில் கை வைத்தார். "சோதிக்காரு. விடாதிய. சீட்ட மாத்திருங்க. ரேடியேட்டரும் ஒழுகுதமாரி இருக்கு. எட்டு வருசமா… பாத்தாலே தெரியுதுல்லா, எட்டு வருசமா எவனும் கவனிக்காத வண்டி."

சீட், ரேடியேட்டர், பெல்ட், கதவு ரப்பர். சங்கிலிப்பாண்டி கழற்றாத இடம் சந்தனம் அப்பிய அந்த இரண்டு பலகைகள்தான். ஜெயபாண்டியின் சேமிப்பு கரைந்தது, ஆபீஸ் பெண்கள் காற்றில் ஓடும் ஸ்டீயரிங்கைப் பார்த்துச் சிரிப்பதை விட்டுவிட்டு, "சரியாயிட்டா சார்?" என்று கவலையோடு கேட்க ஆரம்பித்தார்கள்.

பால் காய்ப்புக்கு முந்தின நாள் சரியாகிவிட்டது. இடது, வலது, எந்தப் பக்கம் திரும்பினாலும் வண்டி வாயைத் திறக்கவில்லை, கையாட்டவில்லை, படுக்கவில்லை. ஜெயபாண்டி ஒர்க் ஷாப்பை வட்டம் சுற்றி வந்து இறங்கியபோது கண் கலங்கியிருந்தது.

ஆறுமுகசாமி ஜன்னலுக்குள் தலையை விட்டு ஒரு பொத்தானைத் திருகிப் பார்த்தார். "ஏசி வேல செய்யலியே தம்பி. அதையும் முடிச்சிருவோமே."

"ஏசி வேண்டாம் அண்ணாச்சி. அவளுக்கு ஜன்னல் காத்துதான் வேணும்."

"பின்னால கஷ்டப்படுவிய."

"வேண்டவே வேண்டாம்."

பெரியவர் முகம் லேசாக வாடியது. தன்மேல் எவ்வளவு அக்கறை என்று ஜெயபாண்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க இல்லன்னா இந்த வண்டி தேறியிருக்காது. நாளைக்கு எப்போதும்வென்றான்ல எங்க மச்சினன் வீட்டுப் பால் காய்ப்பு. நீங்க கண்டிப்பா வரணும்."

"வாரேன் தம்பி. நம்ம வண்டியிலயே வந்துருதேன்" என்றார் ஆறுமுகசாமி.

மறுநாள் விடிகாலை மழை பெய்து ஓய்ந்திருந்தது. எட்டயபுரம் தாண்டியதும் கரிசல் விரிந்தது. ஈரக் கறுப்பு, அதன்மேல் பச்சை. மேகம் தாழ இறங்கிக் கூடவே வந்தது. வண்டியில் சத்தமே இல்லை. பக்கத்தில் செண்பகவல்லி கண் சொருகி உட்கார்ந்திருந்தாள். காற்றில் அவள் முன்நெற்றி முடி பறந்தது. கனவில் இருக்கிறோமா ரோட்டில் இருக்கிறோமா என்று ஜெயபாண்டிக்குச் சந்தேகம் வந்து, தொடையைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டார். வலித்தது. அப்பாடா என்றிருந்தது.

புது வீட்டு வாசல்வரை கார் போனது. செண்பகவல்லி இறங்கினாள். மதினி அவள் சேலைக் கரையைப் பார்த்தாள், செருப்பைப் பார்த்தாள், பார்க்க ஒன்றும் கிடைக்காமல், "உள்ள வா செண்பகம்" என்று மட்டும் சொன்னாள்.

செண்பகவல்லி உள்ளே போகாமல் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றாள். "எங்க வண்டி. இவியதான் பாத்துப் பாத்து ரெடி பண்ணுனாவ" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். அந்த ஒரு காலைக்காக இன்னும் ரெண்டு ரேடியேட்டர்கூட மாற்றலாம் என்றிருந்தது ஜெயபாண்டிக்கு.

பால் காய்ச்சி, சாப்பிட்டு முடித்ததும் சொந்தக்காரர்கள் புடைசூழக் குலசாமி கோயிலுக்குப் போனார்கள். செண்பகவல்லி குடத்துத் தண்ணீரை நம்பர் பலகையில் ஊற்றி, முந்தானையைச் செருகிக்கொண்டு தேய்த்தாள். பல அடுக்குச் சந்தனம் குழைந்து வழிந்தது.

"என்னங்க."

"ம்."

"நம்ம நம்பர் ஒம்பதுலதான முடியும்?"

"ஒம்பதேதான். ஜோசியர் சொன்னது."

"இங்கன நாலுல்லா இருக்கு?"

ஜெயபாண்டி குனிந்து பார்த்தார். நாலுதான். பின்பக்கம் போய்ப் பார்த்தார். அங்கேயும் நாலு. இவ்வளவு பழுது பார்த்ததில் நம்பரும் மாறியிருக்குமோ என்று ஒரு கணம் யோசித்தார். மதினிமார்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்போது மண் பாதையில் இன்னொரு சின்ன வெள்ளைக் கார் பஞ்சாக வந்து பக்கத்தில் நின்றது. கழுவித் துடைத்த அதன் நம்பர் ஒன்பதில் முடிந்தது. ஆறுமுகசாமி இறங்கினார். குலசாமியை ஒரு கும்பிடு போட்டுவிட்டு, சாவியை ஜெயபாண்டியின் உள்ளங்கையில் வைத்தார்.

"இந்தாங்க தம்பி, உங்க வண்டி, ஒரு கீறல் இல்லாம பத்திரமா வச்சிருந்தேன், நம்ம வண்டிச் சாவியக் குடுங்க, அந்த ஏசி ஒண்ணுதான பாக்கி, அத நானே பாத்துக்கிடுதேன்."