கப்பல் படிப்புக்கு ஒரே ஒரு இடம்

"அண்ணா, இந்தப் பக்கத்தை மட்டும் கொஞ்சம் விளக்கிச் சொல்ல முடியுமா?" என்று பக்கத்து மேசைப் பையன் புத்தகத்தை நீட்டியபோது, சீனியருக்குச் சாப்பாடு தொண்டையிலேயே நின்றது.

தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம். கப்பல் போக்குவரத்து, சரக்கு மேலாண்மை, முதுகலைப் பாடம். பாதிப் பக்கங்களில் பென்சில் கோடு. பாவி, பாதியைப் படித்தே விட்டான் என்பதுதான் சீனியர் கண்ணில் முதலில் பட்டது.

"சாப்பிடும்போது படிக்கக் கூடாதுப்பா. ஜீரணம் ஆகாது."

"எனக்கு நல்லா ஜீரணமாகுதுண்ணா."

ஜீரணம் ஆகாதது சீனியருக்குத்தான். அதற்குக் காரணம் இருந்தது.

துறைமுகத்துக்குப் போகும் சாலையில், லாரிகள் உறுமிக்கொண்டு நிற்கும் இடத்தில், ஒரு மாடியில் இருந்தது அந்த ஏஜென்சி. ஊராருடைய சரக்கைக் கன்டெய்னரில் அடைத்துக் கப்பலேற்றிவிடுவது அவர்கள் தொழில். ஏற்றுமதி மேசையில் பன்னிரண்டு வருஷமாக உட்கார்ந்திருப்பவர் சீனியர். பக்கத்து மேசைப் பையன் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியும் அவன் பெயர் இன்னும் 'புதுசு'தான். அந்தப் பெயரை வைத்தவரும், அதைப் பழசாக விடாமல் காப்பாற்றி வருபவரும் சீனியரே.

போன வாரம் முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு ஒரு குண்டைத் தூக்கிப் போட்டிருந்தார்.

"என் மச்சினன் ஒரு காலேஜ் ஆரம்பிச்சிருக்கான். கப்பல், சரக்குன்னு ரெண்டு வருஷ முதுகலைப் படிப்பு. நம்ம ஆபீஸ்லேர்ந்து ஒரு ஆளாவது சேரலைன்னா வீட்டுல எனக்குச் சோறு கிடையாது. ஃபீஸ் என்னோடது, சம்பளமும் உண்டு. யாரை அனுப்பறதுன்னு மாசக் கடைசியில சொல்றேன்."

பழைய மேனேஜர் ஓய்வு பெற்றுப் போனதிலிருந்து அவருடைய கண்ணாடி கேபின் காலியாகக் கிடந்தது. முதுகலை படித்துவிட்டு வருகிறவர் வேறு எங்கே உட்காருவார்? கேபினில்தான். இதை முதலாளி சொல்லவில்லை. சீனியர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, கேபினுக்குள் மேசையை எந்தப் பக்கம் திருப்பிப் போடலாம் என்பது வரைக்கும் போய்விட்டார். போட்டிக்கு யாரும் இல்லை என்று நிம்மதியாக இருந்தபோதுதான் புதுசும் பெயர் கொடுத்தான்.

அவன் புத்தகத்தை நீட்டிய அன்றே சீனியரும் கடையில் அதே புத்தகம் ஒன்றை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனார். முன்னுரையிலேயே கண் சொருகியது.

"புத்தகத்தைப் படிக்கிறீங்களா, புத்தகத்து மேல படுக்கிறீங்களா?" என்றாள் மனைவி.

"அவன் பாதி முடிச்சுட்டான்."

"நீங்க?"

"முன்னுரை. அதுவும் பெரிய முன்னுரை."

"அப்ப நீங்க படிக்கிறதைவிட அவனைப் படிக்க விடாம பண்றதுதான் சுலபம்."

அவள் கிண்டலுக்குத்தான் சொன்னாள். சீனியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கல்யாணமான நாளிலிருந்து மனைவி சொன்ன ஒரு யோசனையை அவர் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலையிலேயே டைல்ஸ் பார்ட்டியைப் புதுசின் தலையில் கட்டினார். வெளிநாட்டுக்கு டைல்ஸ் அனுப்பும் அந்த வாடிக்கையாளர் என்றால் ஆபீஸே நடுங்கும். மனுஷர் சரியாகச் சாப்பாட்டு நேரத்தில்தான் போன் பண்ணுவார். பண்ணினால் கத்துவார், கத்தி முடித்தால் முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

"உனக்கு ஒரு அனுபவம் கிடைக்கட்டும்னுதான்," என்றார் சீனியர். இனி மத்தியானம் புத்தகத்தைத் திறந்த மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டார்.

முதல் நாள் டைல்ஸ் பார்ட்டி கத்தியது அடுத்த மேசைக்கே கேட்டது. இரண்டாம் நாள் கொஞ்சம் குறைந்தது. அந்த வாரக் கடைசியில் புதுசு போனில் சிரித்துக்கொண்டிருந்தான். மறுமுனையிலும் சிரிப்பு.

"எப்படிடா?" என்றார் சீனியர்.

"ஒண்ணுமில்லண்ணா. அவரு கத்துறதுக்கு முன்னாடி நானே கூப்பிட்டு, சரக்கு எங்க இருக்குன்னு சொல்லிடறேன். அவருக்குக் கத்த ஒண்ணும் கிடைக்கல."

இனிமேல் அந்தப் பையனிடம் மட்டுமே பேசுவேன் என்று டைல்ஸ் பார்ட்டி முதலாளியிடமே சொல்லிவிட்டார். மத்தியானப் பொழுது மறுபடி அமைதியாகிவிட்டது. புதுசு புத்தகத்தைத் திறந்தான்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். ஆனால் சீனியர் ஒரு பூதத்துக்கெல்லாம் பயப்படுகிற ஆள் இல்லை. அடுத்த கிணற்றை வெட்டினார்.

கஸ்டம்ஸில் ஒரு கன்டெய்னர் சிக்கிக் கிடந்தது. அங்கே போனால் ஒவ்வொரு ஜன்னலாக ஏறி இறங்கி, ஒவ்வொரு மேசையாகக் கும்பிடு போட்டு, வெயிலில் வாடி வதங்கித்தான் திரும்ப வேண்டும். சீனியரே அந்தப் பக்கம் போவதென்றால் தலைவலி என்று படுத்துக்கொள்வார்.

"நீ போய்ட்டு வாப்பா. இனிமே கஸ்டம்ஸ் வேலை முழுக்க உன் பொறுப்பு."

"தேங்க்ஸ்ண்ணா. எனக்கு யாரும் இதெல்லாம் கத்துக்கொடுத்ததே இல்ல."

நன்றி வேறு சொல்கிறான் என்று சீனியருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மத்தியானத்துக்குள் கன்டெய்னர் வெளியே வந்துவிட்டது. இனி இந்தத் தம்பியையே அனுப்புங்கள் என்று அதிகாரி போனில் சொன்னார். போதாக்குறைக்கு, காத்திருந்த பெஞ்சில் புதுசு இரண்டு பாடம் முடித்திருந்தான்.

முதலாளி அறையிலிருந்து வெளியே வந்து, எல்லோருக்கும் முன்னால் அவன் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

அந்தத் தட்டல் சீனியர் நெஞ்சில் விழுந்தது. அவர் முதுகிலும் முதலாளி ஒரு தடவை தட்டியிருக்கிறார். லிஃப்டில், கொஞ்சம் நகரச் சொல்லி.

அவ்வளவுதான். கப்பலுக்குப் போகும் காகிதங்களைச் சரிபார்க்கும் வேலையையும் தூக்கி அவன் மேசையில் வைத்தார். அதில் ஒரு எழுத்துத் தவறினாலும் சரக்கு அந்தக் கரையில் மாட்டிக்கொள்ளும். தவறட்டும் என்று காத்திருந்தார். தவறவில்லை. சாதாரணமாக நடக்கிற தவறுகளும் நின்றுபோயின. அவற்றில் பாதி சீனியருடையவை என்பதை யாரும் சொல்லிக்காட்டவில்லை, அது ஒன்றுதான் ஆறுதல்.

கடைசியாக ஒரு பிரம்மாஸ்திரம் மிச்சமிருந்தது. ஒரே நாளில் மூன்று கப்பல்கள் கிளம்பும் நாள் வந்தது. வருஷத்தில் ஆபீஸ் தலைகீழாக நிற்கிற நாள் அதுதான். சீனியர் முதுகுவலி என்று லீவு போட்டார்.

"இன்னிக்குத் தெரியும், அந்த ஆபீஸை யாரு தாங்கிப் பிடிச்சிட்டிருக்காங்கன்னு," என்று சோபாவில் சாய்ந்து, போனை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டார்.

"முதுகு வலிக்குப் போனை வயித்துல வைக்கிற வைத்தியத்தை இன்னிக்குத்தான் பாக்கறேன்," என்றாள் மனைவி.

"கூப்பிடுவாங்க பாரு. தவிப்பாங்க. முதலாளியே கூப்பிடுவாரு."

மத்தியானம் ஒரே ஒரு அழைப்பு வந்தது. பாய்ந்து எடுத்தார். கடன் வேண்டுமா என்று ஒரு பெண் அன்பாகக் கேட்டாள். அன்று அவரை அன்பாக விசாரித்தவள் அவள் ஒருத்திதான்.

சாயங்காலம் பொறுக்க முடியாமல் அவரே ஆபீஸுக்குப் போன் போட்டார். கணக்கு அக்கா எடுத்தாள். அந்த ஆபீஸில் அவரைவிடவும் பழைய ஆள், எல்லோருக்கும் அக்கா.

"என்னக்கா, ஏதாவது பிரச்சினையா?"

"எதுக்குத் தம்பி பிரச்சினை? நீங்க நல்லா ரெஸ்ட் எடுங்க."

"இல்ல, மூணு கப்பலு..."

"ரெண்டு கிளம்பிடுச்சு. மூணாவதுக்கும் பேப்பர் போயாச்சு. புதுசுதான் எல்லாத்தையும் பாத்துக்கிட்டான். முடிச்ச சந்தோஷத்துல எல்லாருக்கும் டீ வேற வாங்கிக் கொடுத்தான்."

கப்பல் போனதைக்கூடச் சீனியர் தாங்கிக்கொண்டார். அந்த டீயைத்தான் தாங்க முடியவில்லை. லீவை இன்னும் ஒரு நாள் நீட்டினார். மறுநாள் கடன் கொடுக்கிறவள்கூடக் கூப்பிடவில்லை.

"இன்னும் வலிக்குதா?" என்று மனைவி கேட்டாள்.

"எரியுது," என்றார். "வயிறு."

மாசக் கடைசி வந்தது. தோற்றவன் எப்படிச் சிரிக்க வேண்டும் என்று கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் சீனியர் ஆபீஸுக்குக் கிளம்பினார். முதலாளி தொண்டையைக் கனைத்தார்.

"நான் தனியா முடிவு பண்ணல. உங்க எல்லார்கிட்டயும் கேட்டுட்டுத்தான் சொல்றேன்." அவர் சீனியர் பக்கம் திரும்பினார். "படிக்கப் போறது நீங்கதான்."

ஒத்திகை பார்த்த சிரிப்பு அப்படியே முகத்தில் உறைந்து நின்றது. ஆபீஸே கைதட்டியது. பன்னிரண்டு வருஷ உழைப்புக்கு மதிப்பில்லாமல் போகுமா என்று சீனியருக்குக் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு முதல் வேலையாகப் புதுசின் முகத்தைப் பார்த்தார். அது வாடியிருக்கும், ஆசை தீரப் பார்க்கலாம் என்றுதான்.

அவனோ ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ரொம்ப சந்தோஷம்ண்ணா. என் புத்தகத்தை வச்சுக்குங்க. முக்கியமான இடத்துலல்லாம் கோடு போட்டிருக்கேன், உங்களுக்குச் சுலபமா இருக்கும்."

தோற்றவன் கொஞ்சமாவது வாட வேண்டாமா? ஜெயித்தும் உப்பில்லாமல் போய்விட்டது சீனியருக்கு. இவனைப் பார்த்துப் பொறாமைப்பட்டதற்கு இவன் ஒரு மரியாதைக்காவது திருப்பிப் பொறாமைப்படவில்லையே என்று ஆத்திரம் வந்தது.

"போறதுக்கு முன்னாடி உங்க வேலையெல்லாம் புதுசுகிட்ட ஒப்படைச்சுடுங்க," என்றார் முதலாளி.

சீனியர் மேசைக்குப் போனார். டைல்ஸ் பார்ட்டி ஏற்கெனவே புதுசிடம் இருந்தது. கஸ்டம்ஸ் அவனிடம். கப்பல் காகிதங்களும் அவனிடம். எவ்வளவு தேடியும் ஒப்படைக்க ஒரு ஸ்டேப்ளர்தான் கிடைத்தது. அதையும், மின்விசிறியை எந்த வேகத்தில் வைத்தால் சத்தம் போடாது என்கிற ரகசியத்தையும் முறைப்படி ஒப்படைத்தார்.

அவர் திரும்பியபோது கண்ணாடி கேபின் வாசலில் ஒருவர் டேப்பை நீட்டி அளந்துகொண்டிருந்தார்.

"என்னங்க அளக்கறீங்க?"

"பெயர்ப்பலகைக்குங்க. மேனேஜர் கேபினுக்கு."

சீனியருக்கு நெஞ்சு விம்மியது. முதலாளிக்குத்தான் என்ன முன்யோசனை.

"நான் வர்றதுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கே. பரவால்ல, பலகை எங்க ஓடிடப்போவுது," என்று ஒரு தாளில் தன் பெயரை இனிஷியலோடு எழுதிக் கொடுத்தார். "பின்னாடி கொஞ்சம் இடம் விட்டு எழுதுங்க. பட்டம் வரும்."

காலேஜில் சேரும் படிவத்தை எடுத்துக்கொண்டு வந்த கணக்கு அக்கா அந்தத் தாளை வாங்கிப் படித்தாள். நாலாக மடித்து, சீனியர் சட்டைப் பையிலேயே பதமாக வைத்தாள்.

"அந்தப் பலகை புதுசுக்குத் தம்பி," என்றாள். "நீங்க லீவுல இருந்தப்ப, யாரு ரெண்டு வருஷம் இல்லாட்டியும் ஆபீஸ்ல ஒரு வேலையும் நிக்காதுன்னு முதலாளி கேட்டாரு, நாங்க எல்லாரும் ஒரே வாயா உங்க பேரைச் சொன்னோம்."