மூக்கு நிமிர்த்தும் கண்ணாடி

கீச்சென்று ஒலிபெருக்கி அலறியது. ஆஸ்பத்திரி வாசலில் வரிசையில் நின்ற அத்தனை மூக்குகளும் ஒரே சமயத்தில் சாலைக்கு அந்தப் பக்கம் திரும்பின.

"கத்தி வேண்டாம், ரத்தம் வேண்டாம், காசும் வேண்டாம். கண்ணாடி ஐயாவிடம் வாருங்கள். ஒரே மூச்சில் மூக்கு நிமிரும்."

பஸ் டிரைவரின் மணிக்கட்டை அவர் அக்கா இறுக்கிப் பிடித்தாள். "கேட்டுக்கிட்டியா? வா, போலாம்" என்றாள். டிரைவர் ஒரு பேச்சுக்குக்கூட மறுக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

அந்த அரசாங்க ஆஸ்பத்திரியில் கோணலான மூக்கை இலவசமாக நிமிர்த்தித் தருவார்கள். இலவசம் என்றால் காசு இல்லை என்று மட்டுமே பொருள். சிரமம் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. முதலில் விண்ணப்பம். பிறகு நேராக ஒரு படம், பக்கவாட்டில் இரண்டு படம். அப்புறம் ஒரு குழு கூடும். மூக்கு நிமிர வேண்டியது மூச்சுக்காகவா, முகவெட்டுக்காகவா என்று துருவித் துருவி விசாரிக்கும். அழகு உன் சொந்தச் செலவு, மூச்சு அரசாங்கச் செலவு என்பது சட்டம். மூச்சுக்காகத்தான் என்று நிரூபித்துவிட்டால் வரிசையில் ஓர் எண் தருவார்கள். அந்த எண்ணுக்கு முறை வரும்வரை வாயால் சுவாசித்துக்கொண்டு காத்திருக்க வேண்டியது உங்கள் பொறுப்பு.

டிரைவர் ஒரு வருஷம் இரண்டு மாதம் காத்திருந்தார். யாரோ ஒரு சைக்கிள்காரர் மீது ஏற்றிவிடக் கூடாதே என்று மிதித்த பிரேக்கில் அவர் முகம் ஸ்டியரிங்கில் மோதியது. சைக்கிள்காரர் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். டிரைவரின் மூக்கு மட்டும் திரும்பியது, திரும்பியபடியே நின்றுவிட்டது. இடது துவாரத்தில் காற்றே போகவில்லை. ராத்திரித் தூக்கம் போச்சு. பகலில் கண் சொக்கியது. கம்பெனி டாக்டர் பஸ் சாவியை வாங்கிக்கொண்டு கையில் ஒரு வாளியைக் கொடுத்தார். பன்னிரண்டு வருஷம் பஸ் ஓட்டியவர், இப்போது மற்றவர்கள் ஓட்டும் பஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தார். மழை நாளில் முன்கண்ணாடியின் உள்பக்கம் சோப்பைத் தேய்த்து, காய்ந்த துணியால் மினுக்கித் துடைப்பார். அப்படிச் செய்தால் எத்தனை பேர் மூச்சு விட்டாலும் கண்ணாடியில் ஆவி படியாது. அவர் துடைத்த பஸ்ஸில் ஏறி உட்காரும் டிரைவர்கள், "அண்ணே, பளிச்சுன்னு இருக்கு" என்று பாராட்டுவார்கள். அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்குப் போய்விடுவார்.

மூக்கு சரியானதற்குச் சான்றிதழ் கொண்டுவந்தால் சாவி திரும்பக் கிடைக்கும். வரும் வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்லிக் கடிதமும் வந்துவிட்டது. ஒரே ஒரு சிக்கல். மலைப்பாதையில் எதிரே வருவது தெரியாத மூடுபனியிலும் பஸ் ஓட்டிய அந்த மனிதருக்கு ஊசி என்றால் கை கால் உதறும். கத்தி என்றால் கேட்கவே வேண்டாம். கத்தி வேண்டாம் என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தவருக்கு, ஒலிபெருக்கி வைத்தே சொல்கிறார்கள். விடுவாரா?

கண்ணாடி ஐயாவின் இடம், வியாபாரம் படுத்துப்போன ஒரு கண்ணாடிக் கடை. கடையும் அவருடையதுதான். சுவர் முழுக்க விற்காத கண்ணாடிகள். நடுவில் அவர் உட்கார்ந்தால் நாற்பது ஐயாக்கள் தெரிவார்கள். வருகிறவர்கள் மெய்ம்மறந்துபோவதற்கு அதுவே போதுமானதாக இருந்தது. மூக்கைச் சுற்றி ஒரு பட்டுத்துணி கட்டியிருப்பார். உள்ளே இருக்கும் சக்தி வெளியே கசிந்துவிடக் கூடாதாம். குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். அதுவும் சக்திதானாம்.

சிகிச்சைக்குக் கட்டணம் கிடையாது. குணமான பிறகு தினமும் முகம் பார்க்க ஒரு கைக்கண்ணாடி மட்டும் விலை கொடுத்து வாங்க வேண்டும். மூன்று வருஷமாகத் தூசி தின்ற சரக்கு ஒரே மாதத்தில் பாதி காலி. அதைத் தவிர ஒரே ஒரு நிபந்தனை. கத்தியை நம்புகிறவனிடம் சக்தி தங்காது. ஆகவே, 'எனக்குக் குணமாகிவிட்டது, அறுவைச் சிகிச்சை வேண்டாம்' என்று ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கடிதங்களை ஐயாவே சிரமம் பார்க்காமல் சாயங்காலந்தோறும் எதிரே இருக்கும் ஆஸ்பத்திரி எழுத்தரம்மாவுக்குக் கட்டுக் கட்டாக அனுப்பிவைத்தார். எவ்வளவு பெரிய மனசு!

குணமாகிப் போனவர்கள் மறுநாளும் வாயால்தானே மூச்சு விட்டார்கள் என்று நீங்கள் கேட்கலாம். விட்டார்கள். ஐயாவிடமே வந்து கேட்டவர்களும் உண்டு. "சந்தேகப்பட்டுட்ட, அதான் மறுபடி அடைச்சிக்கிச்சு" என்று பதில் வந்தது. வெட்கத்தோடு வீட்டுக்குப் போய்க் கைக்கண்ணாடியில் முகம் பார்த்துக்கொண்டார்கள்.

டிரைவரின் முறை வந்தது. எந்தப் பக்கம் அடைப்பு என்று ஐயா கேட்டார். இடது என்று அக்கா முந்திக்கொண்டு சொன்னாள். ஐயா ஒரு சதுரக் கண்ணாடியை எடுத்து, கையில் ஒரு சுற்றுச் சுற்றி, டிரைவரின் மூக்கடியில் நீட்டி மூச்சு விடச் சொன்னார். வலது பாதியில் ஆவி படிந்தது. இடது பாதி பளிச்சென்று இருந்தது. ஐயா அதைக் கூட்டத்துக்குத் தூக்கிக் காட்டினார். கூட்டம் "ஆ" என்றது.

இனி நடக்கப்போவது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். கையெழுத்து. பிறகு மந்திரம். மந்திரம் சொல்லிக்கொண்டே ஐயா ஈரத் துணியால் கண்ணாடியை அழுந்தத் துடைப்பார். "இப்ப வாயை நல்லாத் திறந்து, ஹான்னு நன்றி சொல்லு" என்பார். ஹா என்றதும் கண்ணாடி முழுக்க ஆவி படியும். மூக்குக்கு வைத்தியம் பார்த்துவிட்டு வாயால் ஏன் ஊதச் சொல்கிறார் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் மரியாதையாக இருக்காதே.

மைக்கில் கூவியவர் காகிதத்தையும் பேனாவையும் நீட்டினார். டிரைவர் பேனாவை வாங்கினார். வியாழக்கிழமையின் கத்தி கண்முன் வந்து போயிற்று. காகிதத்தில் பேனா முனையையும் வைத்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து ஐயா கண்ணாடியை மடியில் சாய்த்து வைத்தார். ஜன்னல் வெளிச்சம் அதன்மேல் பட்டது. நட்ட நடுவில் ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் வெறும் கண்ணாடி. அந்தப் பக்கம் எண்ணெய் பூசினாற்போல லேசான மினுமினுப்பு. வேறு எவர் கண்ணிலும் அது படாது. தினம் முப்பது முன்கண்ணாடி துடைக்கிறவர் கண்ணில் படாமல் போகுமா?

பேனா நின்றது. நியாயமாகப் பார்த்தால் டிரைவருக்குச் சந்தோஷம் வர வேண்டும். வரவில்லை. இது பொய் என்றால் வியாழக்கிழமை நிஜம். ஒரு நிமிஷம், எதையும் பார்க்காததுபோல் கையெழுத்துப் போட்டுவிட்டால் என்ன என்றுகூட நினைத்தார். பிறகு வாளி ஞாபகம் வந்தது.

"ஐயா, கையெழுத்துக்கு முன்னாடி ஒரு சின்ன ஆசை" என்றார். "எங்க அக்கா அதே கண்ணாடில ஒரு தரம் வாயால ஊதட்டுமே."

ஐயா ஈரத் துணியைத் தேடினார். அது கையில் அகப்படுவதற்குள் டிரைவர் கண்ணாடியை எடுத்து அக்கா முகத்துக்கு நேரே பிடித்துவிட்டார். அக்கா எதையும் பக்தியோடு செய்கிறவள். கன்னம் இரண்டும் உப்ப, இருந்த காற்றையெல்லாம் திரட்டி 'ஹா' என்று விட்டாள்.

பாதியில் ஆவி. பாதி பளிச்.

"என்னக்கா இது? உனக்கு வாய்லயும் பாதி அடைச்சிருக்கா?"

"அந்த வாயா? அடைக்க வழியே இல்ல" என்றார் பின்னால் வரிசையில் நின்ற அக்காவின் அண்டைவீட்டுக்காரர். சிரிப்பு எழுந்தது. டிரைவர் கண்ணாடியைத் தலைகீழாகத் திருப்பி, தாமே வாயால் ஊதிக் காட்டினார். பளிச்சென்ற பாதி இடம் மாறியது. சோப்பு என்றார். எந்தப் பக்கம் அடைப்பு என்று கேட்டுவிட்டுத்தான் கண்ணாடியைச் சுற்றுகிறார், ஈரத் துணி பட்டதும் சோப்பு போய்விடுகிறது, டெப்போவுக்கு வந்தால் முப்பது பஸ்ஸில் இதே அற்புதத்தைக் காட்டுகிறேன் என்று பொறுமையாக விளக்கினார்.

ஐயா அசரவில்லை. நாற்பது கண்ணாடிகளிலும் எழுந்து நின்றார்.

"சந்தேக மூச்சு பட்டா கண்ணாடி கோவிச்சுக்கும்" என்றார் குடத்துக் குரலில். "நான் உங்ககிட்ட வைத்தியத்துக்குக் காசு வாங்கினேனா? இல்ல. உங்கள ஏமாத்தி எனக்கு என்ன லாபம்? யோசிச்சுப் பாருங்க."

சிரித்த கூட்டம் அடங்கிவிட்டது. நியாயமான கேள்வியாகப் பட்டது. அக்காவும், "ஆமாடா, அவருக்கு என்னடா லாபம்?" என்று தம்பியைப் பார்த்தாள். சோப்பு தெரிந்தவருக்கு லாபம் தெரியவில்லை. யோசிக்கச் சொன்னதும் கூட்டம் யோசித்ததா என்றால், இல்லை. அதற்கும் எண் கொடுப்பார்கள், முறை வரட்டும் என்று நின்றுகொண்டிருந்தது. இரண்டு பேர் மறுபடியும் வரிசையில் போய் நின்றுகூட விட்டார்கள்.

அப்போது வாசல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி எழுத்தரம்மா உள்ளே வந்தார். கையில் ஒரு கோப்பு. காலையிலிருந்து போன் அடித்து அடித்துக் கை ஓய்ந்துவிட்டது, இந்த ஒலிபெருக்கிச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும் என்று மைக்கில் கூவியவரைக் கடிந்துகொண்டார். இந்த விலாசத்தில் கண்ணாடிக் கடைக்காரர் யார் என்று கேட்டார். நூறு விரல்கள் ஐயாவைக் காட்டின. ஐயாவின் கை தானாகப் பட்டுத்துணியை இறுக்கிக்கொண்டது.

எழுத்தரம்மா கோப்பைப் பிரித்து, அதில் ஒட்டியிருந்த படத்தையும் ஐயாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்த முகத்தோடு சொன்னார்:

"மூக்கு நடுத்தண்டு வளைவு, ரெண்டு பக்கமும் அடைப்பு, நீங்கதானே? அதிர்ஷ்டக்காரர் சார் நீங்க. உங்களுக்கு முன்னாடி இருந்தவங்கள்ல நாப்பத்தோரு பேர் குணமாயிடுச்சுன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. நாளைக்கே ஆபரேஷன், வெறும் வயித்தோட வந்துடுங்க."