கேள்வியின்றி நீக்கு

பேரரசர் ஏகாந்தவர்மர் முடிசூடிய பதினோராம் ஆண்டு, ஆவணி மாதம் ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்குப் பெட்டக நாட்டில் வழக்கம்போல் பெயரழைப்பு நடந்தது. நாட்டிலிருந்த பெட்டகங்கள் நானூற்றுப் பன்னிரண்டு. அவற்றுள் நானூற்றுப் பதினொன்று விடையளித்தன. எண்பத்தேழாம் பெட்டகம் விடையளிக்கவில்லை.

அந்த ஒரு மௌனத்தால் நாடு என்ன ஆயிற்று என்பதைச் சொல்லுமுன், பெட்டகம் என்பது யாது என்று சொல்லிவிட வேண்டும்.

அந்நாட்டு மக்கள் ஒரு காலத்தில் ஒரே நீண்ட தெருவில் குடியிருந்தார்கள். மத்தளம் செய்பவர் தோலைத் தட்டிப் பார்த்தால் அடுத்த வீட்டுக் குழந்தை விழித்துக்கொண்டது. குழந்தை அழுதால் எதிர்வீட்டுச் சோதிடருக்குக் கணக்குத் தப்பியது. அவர் தப்பாகக் குறித்துக் கொடுத்த நாளில் திருமணம் செய்துகொண்டவர்கள், மத்தளம் சரியில்லை என்று மத்தளக்காரரிடமே சண்டைக்கு வந்தார்கள். இதையெல்லாம் மூன்று மாதம் ஆராய்ந்த அமைச்சர் அடக்கநாதர், குறைகள் தோன்றுவது இயற்கை என்றும் அவை பரவுவதற்குச் சுவர் இல்லாமையே காரணம் என்றும் கண்டறிந்தார்.

எனவே தொழிலுக்கொரு பெட்டகம் எழுப்பப்பட்டது. பெட்டகத்திற்கு வாசல் கிடையாது. எண்ணிட்ட துளை ஒன்று மட்டும் உண்டு. உள்ளே செய்த பொருள் அதன் வழியாக வெளியே வரும். அளந்து கொடுத்த தானியமும் தீவனமும் தண்ணீரும் அதன் வழியாக உள்ளே போகும். கூரையின் உட்புறத்தில் வானமும் சூரியனும் வரையப்பட்டிருந்தன. தெரு என்று ஒன்று இருந்ததே பொய் என்று அமைச்சர் துளைதோறும் அறிவித்தார். ஆகவே அவரவர் தத்தம் பெட்டகமே நாடு என்று எண்ணி வாழ்ந்தார்கள். மழை பெய்யாதபோது அரசைக் குறை கூறாமல் தம்மையே நொந்துகொண்டார்கள்.

இந்த நானூற்றுப் பன்னிரண்டையும் ஆட்டிவைத்தது அரண்மனை மாடத்திலிருந்த ஒரு கரும்பலகை. அதன் இடப்பக்க ஓரத்தில் சிறு விளக்கொன்று விட்டுவிட்டு மினுங்கினால், பலகை கட்டளைக்குக் காத்திருக்கிறது என்று பொருள். அறுபத்தொரு வயதான கோமளவல்லி அதில் சுண்ணக்கட்டியால் ஒரே ஒரு வரி எழுதுவாள். சுவருக்குப் பின்னாலிருந்த ஏவலர்கள் அதை நிறைவேற்றுவார்கள். அவர்களை யாரும் கண்டதில்லை. எழுதியவரின் மனத்தில் இருந்ததை அல்ல, பலகையில் இருந்ததையே அவர்கள் செய்வார்கள் என்பது மட்டும் தெரியும். ஒருமுறை கோமளவல்லி விடுப்பில் இருந்தபோது அவளுக்குப் பதிலாக வந்தவர், 'பெட்டகங்களுக்குத் தண்ணீர் ஊற்று' என்று எழுதினார். எல்லாக் கூரைகளின்மேலும் தண்ணீர் ஊற்றப்பட்டது. அதற்குப் பிறகு அவள் விடுப்பே எடுக்கவில்லை.

பலகைக்கு ஒரு விதி உண்டு: மறுமொழி வராவிட்டால் பணி முடிந்தது என்று கொள்ள வேண்டும். தவறு நேர்ந்தால்தான் ஏவலர்கள் சுவரைத் தட்டுவார்கள். இந்த விதி அமைச்சருக்கு மிகவும் பிடித்துப்போய்விட்டது. அதை அவர் அரசியல் சட்டத்தில் முதல் பிரிவாகச் சேர்த்தார். அவ்வாண்டுத் தேர்தலில், 'ஆட்சி தொடர்வதில் எவருக்கேனும் மறுப்பு உண்டா?' என்று துளைதோறும் கேட்கப்பட்டது. துளையை மூடிவிட்டுக் கேட்டார்கள். ஒரு பெட்டகமும் மறுக்கவில்லை. பேரரசர் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அடுத்து வந்தது முதலாள் சட்டம். பெட்டகத்திற்கு ஒருவர் முதலாள். காலைப் பெயரழைப்பில் அவர் 'இருக்கிறோம்' என்றால் பெட்டகம் இயங்குகிறது, சொல்லாவிட்டால் இயங்கவில்லை. தையற்காரர் பெட்டகத்தில் ஆறு பேர் காய்ச்சலில் கிடந்தபோது முதலாள் 'இருக்கிறோம்' என்றார். பட்டியலில் 'நலம்' என்று ஏறியது. நெசவாளர் பெட்டகத்தில் பன்னிரண்டு தறிகளும் ஓடிக்கொண்டிருந்தபோது முதலாள் குளித்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு தறிகளும் பாதி இழையில் நிறுத்தப்பட்டன.

கடைசியாக வந்தது புதுப்பித்தல் சட்டம். எந்தப் பெட்டகத்திலிருந்து புகார் வருகிறதோ அந்தப் பெட்டகத்தை நீக்கிவிட்டு, அரசு வரைபடத்தில் உள்ளபடி மீண்டும் எழுப்ப வேண்டும். ஆளும் மாடும் தவிர, வரைபடத்தில் இல்லாத எதுவும் மிஞ்சாது. சுவரில் குறித்து வைத்த குழந்தையின் உயரமும், ஜாடியில் போட்டு வைத்த ஊறுகாயும், புகாரும் ஒன்றாகவே போய்விடும். புகார்களில் நூற்றுக்கு நூறு தீர்த்துவைக்கப்பட்டதாக அமைச்சர் ஆண்டறிக்கையில் எழுதினார். அது உண்மைதான்.

நாட்டில் தயிர்ப் பெட்டகங்கள் பதினொன்று இருந்தன. அவற்றுள் பத்து, தண்ணீர் போதவில்லை என்று கடந்த ஓராண்டுக்குள் ஏதோ ஒரு நாளில் புகார் சொல்லிப் புதுப்பிக்கப்பட்டவை. வரைபடத்தில் பானை இருந்தது, மத்து இருந்தது, அடுப்பு இருந்தது. முந்தைய நாளின் உறைமோர் இல்லை. உயிருள்ளதை வரைபடக்காரர் வரையவில்லை. ஆகவே அந்தப் பத்துப் பெட்டகங்களும் காய்ச்சிய பாலை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தன. எண்பத்தேழில் இருந்த சௌந்தரம் மட்டும் இரண்டு எருமைகளோடும் ஒரு கரண்டி உறைமோரோடும் பதினோராண்டு வாய் திறக்கவில்லை. நிறைவால் அல்ல, உறைமோருக்காக. அது போனால் தயிர் இல்லை. தயிர்ப் பெட்டகம் என்று பதிவாகித் தயிர் தராதவர்களுக்குப் பால் அனுப்ப ஓராண்டுத் தவணை உண்டு. அதற்குப் பின் உப்புவெளிக்கு அனுப்பப்படுவார்கள். உப்புவெளியில் எருமைக்குப் புல் கிடையாது. போனவர்கள் திரும்பி வந்ததும் கிடையாது. சௌந்தரத்திற்குத் தவணையும் இல்லை. அரண்மனைக்குத் தயிர் அனுப்புபவர்கள் ஒரு வேளை தவறினாலும் அன்றே அனுப்பப்பட வேண்டும் என்பது தனி ஆணை.

அன்று காலை பத்தே கால் மணிக்கு அமைச்சர் மாடத்திற்கு வந்து பட்டியலைப் பார்த்தார்.

"எண்பத்தேழுக்கு நேரே ஏன் ஒன்றும் எழுதவில்லை, அம்மையாரே?"

"பதில் வரவில்லை, ஐயா. அங்கே பத்து மணிக்குப் பால் காய்கிற நேரம். பொங்கியிருக்கும்."

"பால், அரசைவிட அவசரமானதோ?"

"அதைப் பாலிடம்தான் கேட்க வேண்டும்."

அமைச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இயங்காத பெட்டகம் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது நிருவாக அழகன்று. நீக்கிவிட்டுப் புதிதாக எழுப்புங்கள்."

"'தொடங்கு' என்று ஒரு சொல் போதும், ஐயா. நின்றதைத் தொடங்கினால் உள்ளே இருந்தது இருந்தபடி இருக்கும். நீக்கி எழுப்பினால் வெறும் பானைதான் இருக்கும். இரண்டும் ஒன்றல்ல."

"முடிவில் பெட்டகம் நிற்கப்போகிறது. அவ்வளவில் ஒன்றுதானே?"

"உறைமோருக்கு ஒன்றல்ல. நண்பகலுக்கு மன்னருக்குத் தயிர்ச்சோறு வேண்டும்."

"மன்னருக்கு ஒழுங்கும் வேண்டும். 'கேள்வியின்றி' என்று சேர்த்து எழுதுங்கள்."

கோமளவல்லி சுண்ணக்கட்டியைத் தட்டில் வைத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டாள். எழுத மறுப்பதற்கு அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். அமைச்சர் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு சுண்ணக்கட்டியைத் தாமே எடுத்தார். பெரிய எழுத்தில் எழுதினார்:

பதில் சொல்லாத பெட்டகங்களைக் கேள்வியின்றி நீக்கு.

"ஐயா, எப்போது பதில் சொல்லாதவை? 'பத்து மணிப் பெயரழைப்பில்' என்பது விடுபட்டிருக்கிறது. இப்போது யாரும் யாரையும் அழைக்கவில்லை. இந்த நிமிடத்தில் ஒரு பெட்டகமும் பதில் சொல்லிக்கொண்டிருக்கவில்லை."

"நீங்கள் உரை எழுதுகிறீர்கள், அம்மையாரே. நான் கட்டளை எழுதுகிறேன்."

அவர் முற்றுப்புள்ளியை அழுத்தி வைத்தார். விளக்கு அணைந்தது. சுவருக்குப் பின்னால் காலடிகள் ஓடின. பிறகு சத்தமில்லை.

"கேட்டீர்களா? மறுமொழி இல்லை. நிறைவேறிவிட்டது."

சாளரத்தின் வழியே முதலாம் பெட்டகத்தின் கூரை எழும்பிப் போவது தெரிந்தது. அரசு வரைபடம் பாதுகாப்பாக வைக்கப்பட்டிருந்த பெட்டகம் அது. அரை நிமிடத்தில் சுவர்களும் போயின. அடுத்து இரண்டாம் பெட்டகத்தின் கூரை எழும்பியது.

"நிறுத்துங்கள்! உடனே நிறுத்துங்கள்!" என்று அமைச்சர் அலறினார்.

"விளக்கு அணைந்திருக்கிறது, ஐயா. தொடங்கிய கட்டளை முடியும்வரை பலகை வேறொன்றை ஏற்காது."

கோமளவல்லி கணக்கிட்டாள். பெட்டகத்திற்கு அரை நிமிடம். எண்பத்தேழுக்கு இன்னும் நாற்பது நிமிடம்தான் இருக்கிறது. ஏவலர்கள் பெட்டகத்திற்குள் இருக்கும் பொருள்களைத்தான் அள்ளுவார்கள். வெளியே இருப்பது அவர்களுடைய வேலை அன்று. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். பணி நேரத்தில் அவள் நாற்காலியைவிட்டு எழுந்தது அதுவே முதன்முறை.

வழியெங்கும் கூரை இழந்தவர்கள் அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள்.

"ஏங்க, இந்தச் சூரியன் நகருதே, ரிப்பேரா?" என்று ஒருவர் அவளைக் கேட்டார்.

"அது அப்படித்தான் நகரும். வழி விடுங்கள்."

எண்பத்தேழின் துளையருகே சென்றபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. பின்னால் எண்பதாம் பெட்டகத்தின் கூரை போய்க்கொண்டிருந்தது.

"சௌந்தரம்!"

"யாரு? தயிரு பன்னெண்டு மணிக்குத்தான். சும்மா சும்மா வந்து தட்டாதீங்க."

"நான் கோமளவல்லி. பலகை அலுவலகம்."

"ஐயோ அம்மா, நீங்களா? பேரு கூப்பிட்டப்ப பால் பொங்கிருச்சும்மா. எறக்கி வெச்சுட்டு ஓடியாந்து 'இருக்கேன் இருக்கேன்'னு தொண்ட கிழியக் கத்துனேன். அதுக்குள்ள துளைய மூடிட்டாங்க."

"அது போகட்டும். பெட்டகத்தை நீக்க வருகிறார்கள். முதலில் பக்கத்துப் பெட்டகம் போகும். நடுச்சுவர் விழுந்தவுடன் உறைமோரை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடு. அரை நிமிடம்தான் கிடைக்கும்."

உள்ளே பானையை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"வெளியேன்னா, அங்க என்னம்மா இருக்கு?"

"தெரு."

"அது பொய்யின்னுல்ல சொன்னாங்க."

"அதைச் சொன்னவர்தான் இன்றைக்குக் கட்டளை எழுதினார். பானையைத் தூக்கு."

எண்பத்தாறின் சுவர்கள் போயின. எல்லைக்கு வெளியே, தூசிக்கு நடுவே முழங்காலிட்டு ஒருவர் மத்தளத்தை அணைத்துக்கொண்டிருந்தார். சௌந்தரம் உறைமோர்ப் பானையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒரு கையால் எருமையை இழுத்தாள். கூரையில் வரைந்திருந்த சூரியனையே எருமை பார்த்துக்கொண்டு நின்றது. இன்னொன்று படுத்தேவிட்டது.

"ஏ மத்தளக்காரரே, வேடிக்க பாக்குறீரே, ஒரு கை குடும்!"

அவருக்கு எருமையைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்ததைச் செய்தார், மத்தளத்தை ஓங்கித் தட்டினார். படுத்திருந்தது துள்ளி எழுந்து தெருவுக்கு ஓடியது. நின்றிருந்தது அதன் பின்னால் ஓடியது. சௌந்தரத்தின் பின்கால் சுவரின் எல்லையைத் தாண்டியபோது கூரை போயிற்று. அடுப்பு போயிற்று, மத்து போயிற்று, காய்ச்சி இறக்கிய பாலும் போயிற்று.

அவள் பானைக்குள் எட்டிப் பார்த்தாள். உறைமோர் சற்றே தளும்பி அடங்கியது. பிறகுதான் மத்தளக்காரரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அந்த டமடமங்குற சத்தம் நீருதானா?"

"ஆமா. பேரு உமாபதி. பதினோரு வருசமா ஒங்க சுவத்துக்கு அந்தப் பக்கம்."

"நாசமாப் போச்சு போம். நான் இடின்னு நெனச்சேன். மழ வருது மழ வருதுன்னு பதினோரு வருசமா வெறக மூடி மூடி வெச்சேன்."

"எனக்கு மட்டும் என்ன? தெனமும் எருமை கத்தும். அதுதான் எமன் வர்ற சத்தம்னு, வேலைய முடிச்சிட்டுச் செத்துரலாம்னு ராத்திரி பகலா ஒழச்சேன்."

பிற்பகல் ஒன்றே முக்காலுக்குள் நானூற்றுப் பன்னிரண்டும் போய்விட்டன. மற்றத் தயிர்ப் பெட்டகத்தார் பத்துப் பேர், கையோடு தப்பிய கிண்ணங்களில் பாலைக் கறந்துகொண்டு வந்து சௌந்தரத்தைச் சூழ்ந்தார்கள். அவள் ஆளுக்கொரு சொட்டு விட்டாள். "குலுக்காதீங்கய்யா, தூங்குற புள்ள மாதிரி வெச்சுக்கங்க" என்று ஒவ்வொருவரையும் அதட்டினாள். அதற்கப்பால் தெரு முழுதும் ஒரே பேச்சு. பதினோராண்டுப் புகார்களை எல்லாரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். கேட்பதற்கும் ஆள் இருந்தது.

தயிர்ச்சோறு வராததால் மன்னர் தாமே இறங்கி வந்தார். வந்தவரின் இரண்டு காதுக்குள்ளும் நாற்பது புகார்கள் புகுந்தன. அவர் காதைப் பொத்திக்கொண்டு அமைச்சரின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

"என்ன இது, அடக்கநாதரே? இவ்வளவு பேர் எங்கிருந்து வந்தார்கள்?"

"குடிமக்கள், பெருமானே."

"எல்லாருமா?"

அன்று மாலை நான்கு மணிக்கு அரசவை கூடியது. வெளியே இரைச்சல் அதிகமாக இருந்ததால் கதவுகள் அடைக்கப்பட்டன. தயிர் தவறிய சௌந்தரத்தை உப்புவெளிக்கு அனுப்ப வேண்டும் என்று அமைச்சர் முதலில் முன்மொழிந்தார். பெட்டகங்களே இல்லாததால் பட்டியலில் இப்போது ஒருவர் பெயரும் இல்லை என்பதையும், அவளை அனுப்பினால் அனைவரையும் அனுப்ப வேண்டும் என்பதையும், அப்படி அனுப்பினால் உப்புவெளிதான் நாடாகும் என்பதையும் கோமளவல்லி எடுத்துரைத்தாள். முன்மொழிவு திரும்பப் பெறப்பட்டது. பெட்டகங்களை மீண்டும் எழுப்புவது பற்றி ஆராயப்பட்டது. வரைபடம் இல்லை; அமைச்சரின் நினைவில் இருந்ததைக் கொண்டு ஒரு பெட்டகத்திற்கு மேல் அளவு சரிவரவில்லை.

இறுதியில் முடிவு செய்யப்பட்டவை பின்வருமாறு பதிவாகின. குடிமக்கள் இருக்குமிடத்திலேயே இருக்கலாம். சௌந்தரம் தெருவில் தயிர் விற்கலாம். மக்களின் இரைச்சல் அரசைப் பாதிக்காத வண்ணம், அரண்மனைத் தோட்டத்தில் ஒரே ஒரு பெட்டகம் எழுப்பப்படும். கூரையின் உட்புறத்தில் வானமும் சூரியனும் மகிழ்ச்சியான மக்கள் கூட்டமும் வரையப்படும். அதில் மன்னரும் அமைச்சரும் அவையினரும் குடியேறி ஆட்சியைத் தொடர்வர். முதலாள் மன்னர். கரும்பலகை இப்போதுள்ள இடத்திலேயே கோமளவல்லியின் பொறுப்பில் இருக்கும். குடியேற்றம் மறுநாள் புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு நடைபெறும். பெயரழைப்பு வழக்கம்போல் பத்து மணிக்கு.