பெரிய வெள்ளியில் தூங்கிய பெட்டி

தொழில்நுட்பம் தெரிந்தவள் என்று ஊரில் பெயர் எடுப்பதைப் போல ஆபத்தான காரியம் வேறில்லை. அடுத்த வீட்டு அக்காவின் கைத்தொலைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தேன். அந்த ஒரே தகுதியில், ஊர்காவற்றுறையில் எங்கள் கோயில் இளையோர் ஒன்றியத்துக்குச் சவுண்ட் பொக்ஸ் வாங்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. (வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.)

மற்றவர்களுக்கு அது பாட்டுப் போடுகிற பெட்டி. எனக்கு அது அப்பாவுக்கான பெட்டி.

அப்பா இறங்குதுறையில் மீன் ஏலம் கூறுபவர். அவர் விலை கூறினால் கடலுக்கு அந்தப் பக்கம் காரைநகரில் நிற்பவன் கை தூக்குவான் என்று ஊரில் பகிடி விடுவார்கள். அந்தக் குரலில்தான், எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து, பெரிய வெள்ளியன்று வீதியில் பதினான்கு தலங்களில் நின்று நின்று போகும் சிலுவைப்பாதையைச் சனத்துக்கு வாசித்து வந்தார். தொண்டையில் சத்திரசிகிச்சை செய்த பிறகு அந்தக் குரல் வெறும் காற்றாகிவிட்டது. ஏலத்தை வேறொருவருக்கு விட்டுக்கொடுத்தார். சிலுவைப்பாதையையும் விடச் சொன்ன அன்று மட்டும் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனார்.

விடச் சொன்னவர் கோயில் சபைத் தலைவர் சந்தியாப்பிள்ளை மாமா. கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் பாதரிடம் கேட்டார். "குரல் இல்லாத மனுசனை நடு ரோட்டில நிப்பாட்டி ஏன் வதைப்பான் பாதர்? இந்த முறை நான் வாசிக்கிறன்."

எனக்குப் பொறுக்கவில்லை. "மைக் இருந்தா அப்பா வாசிப்பார். நல்ல பெட்டியா நான் வாங்கிறன்!"

பாதர் இருவரையும் பார்த்தார். "சரி. முதல் மூண்டு தலமும் பாப்பம். சரிவராட்டி சந்தியாப்பிள்ளை வாசிக்கட்டும்."

ஒன்றியத்துப் பொருளாளர் றொசானை இழுத்துக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறினேன். கடையில் முதலில் காட்டிய பெட்டி நல்ல சத்தம், ஆனால் தூக்குவதற்கு இரண்டு ஆள் வேண்டும். அடுத்தது பாரமில்லை, கதைத்தால் கிணற்றுக்குள் இருந்து கதைப்பது போலக் கேட்டது. கடைசிப் பெட்டிக்கு இழுத்துப் போகச் சில்லு இருந்தது, வயர் இல்லாத இரண்டு மைக் இருந்தது, எங்கள் கையிலிருந்த காசுக்கும் அடங்கியது.

"தங்கச்சி, இதில ஒரு விசேசம் இருக்கு," என்றார் கடைக்காரர். "சத்தம் வராட்டி கொஞ்ச நேரத்தில தானாவே நிண்டிடும். பற்றறி வீணாகாது."

கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத தீவில் வளர்ந்தவளுக்கு இதைவிட இனிப்பான வார்த்தை வேறு உண்டா? "பாத்தியா றொசான், புத்தியுள்ள பெட்டி!" என்று கட்டிப்பிடிக்காத குறையாக வாங்கி வந்தேன்.

ஒரு கிழமை ஒத்திகை பார்த்தோம். பெட்டி ஒருமுறைகூட நிற்கவில்லை. எப்படி நிற்கும்? எங்கள் ஒன்றியத்தில் யாராவது வாயை மூடினால்தானே! சிலுவைப்பாதையில் ஒவ்வொரு தலத்திலும் முழங்காலில் நின்று மௌனமாகத் தியானிப்போம் என்பது எனக்குத் தெரியாததல்ல. பிறந்ததிலிருந்து நிற்கிறேன். கடைக்காரர் சொன்னதையும் இதையும் சேர்த்து யோசிக்கிற மூளைதான் இல்லாமல் போய்விட்டது.

பெரிய வெள்ளி மாலை, துறைமுக வீதியில் சனம் கறுப்பும் வெள்ளையுமாகத் திரண்டு நின்றது. அன்றைக்கு எங்கள் கோயிலில் மணிகூட அடிப்பதில்லை. மரக்கட்டையைத் தட்டித்தான் ஆட்களைக் கூப்பிடுவார்கள். வாத்தியம் கூடாது, பாட்டுப் பெட்டி கூடாது, சிரிப்பும் கூடாது.

அப்பா மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முதலாம் தலத்தை வாசித்தார். அந்தக் காற்றுக் குரல் வீதியின் கடைசிவரை போனது. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நான் சந்தியாப்பிள்ளை மாமாவைப் பெருமையாகத் திரும்பிப் பார்த்தேன். (அந்தப் பெருமையின் ஆயுள் ஒரு மௌனத் தியானம்.)

றொசான் பெட்டியை இரண்டாம் தலத்துக்கு இழுத்து வந்தான். அப்பா வாயைத் திறந்தார். உதடு அசைகிறது, ஒன்றும் கேட்கவில்லை. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஓடிப்போய்ச் சுவிட்சை அழுத்தினேன்.

பெட்டி பாடிக்கொண்டு எழும்பியது.

கலியாண வீட்டில் மாப்பிள்ளை இறங்கும்போது போடுகிற மாதிரி ஒரு டப்பாங்கூத்து மெட்டு. தூங்கி எழும்பும்போது மட்டும் அப்படிப் பாடுமாம், சத்தத்தைக் குறைக்கும் திருகும் அந்த மெட்டிடம் செல்லாதாம். கூடவே சிவப்பு, பச்சை, நீலம் என்று லைற் வேறு சுழன்றது, பாடுபட்ட யேசுவின் சுரூபத்து முகத்தில்! ஒரு குழந்தை கை தட்டியது. சந்தியாப்பிள்ளை மாமா சட்டைப் பையிலிருந்து தன் சிலுவைப்பாதைப் புத்தகத்தை மெதுவாக எடுத்து விரித்தார்.

"பிள்ளை, என்ன இது?" என்றார் பாதர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"இனி வராது பாதர்," என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லை.

அப்பா இரண்டாம் தலத்தை வாசித்து முடித்தார். மௌனம். பெட்டியின் சின்ன லைற் மினுங்கத் தொடங்கியது, தூங்கப் போகிறது. எழுப்பினால் மறுபடியும் கலியாண வீடு. என்னிடம் இருந்த இரண்டாவது மைக்கை விரலால் தட்டினேன். டொக், டொக். ஆணி அடிப்பது போலக் கேட்டது, அதுவும் ஆணி அறைகிற தலம் வர இன்னும் எவ்வளவோ இருக்க! வேறு வழி தெரியாமல் மைக்கில் இருமினேன். மினுக்கம் நின்றது.

மூன்றாம் தலத்தையும் இருமித் தாண்டினேன். பாதர் நாலாம் தலத்துக்கு நடந்தார். சந்தியாப்பிள்ளை மாமா மட்டும் புத்தகத்தை மூடவில்லை.

அதன்பிறகு ஒவ்வொரு மௌனத்திலும் சனம் யேசுவை நினைத்தது, நான் லைற்றையே பார்த்து இருமினேன். பாதி வழியில் என் தொண்டை வறண்டு, பொய் இருமல் மெய் இருமலாகி, பிறகு அதுவும் வற்றிப்போனது. றொசானிடம் மைக்கை நீட்டினேன். அவன் பயத்தில் தும்மினான், அதுவும் பெட்டிக்கு எட்டாத தும்மல். லைற் மினுங்கியது. எட்டாம் தலத்தோடு அப்பாவின் வாசிப்பு முடிந்தது என்று நினைத்து அழுகை வந்துவிட்டது.

அப்போது என் தோளில் ஒரு கை விழுந்தது.

"தள்ளு பிள்ளை, உன்ர இருமல் காணாது," என்றார் சந்தியாப்பிள்ளை மாமா. தன் புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மைக்கில் ஓர் இருமல் இருமினார். சுருட்டுக் குடித்து வளர்த்த நெஞ்சு அது. பெட்டி குலுங்கியது.

நடப்பது என்னவென்று அப்போதுதான் சனத்துக்கு விளங்கியது. அடுத்த தலத்தில் அம்மா வந்து இருமினாள். அதற்கடுத்ததில் முன்வரிசைப் பெண்கள். பிறகு பெட்டியைச் சுற்றி நின்ற எல்லோருமே மாறி மாறி, பக்தியாக, தலை குனிந்து இருமினார்கள். அப்பா ஒவ்வொரு தலமாக வாசித்துக்கொண்டே போனார்.

கடைசித் தலம் முடிந்து எல்லோரும் முழங்காலில் நிற்க, இருமல் மட்டும் நின்றபாடில்லை. அப்பா மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"காணும் பிள்ளையள்," என்றது அந்தக் காற்றுக் குரல், வீதி முழுக்க. "இனி அது நித்திரை கொள்ளட்டும்."

பெரிய வெள்ளியில் எங்கள் சனம் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். பாதரும் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

பிறகு ஒன்றியம் நல்ல பெட்டி வாங்கிவிட்டது. (என்னைக் கேட்காமல்.) வீட்டில் யாராவது கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தால் அம்மா இன்றைக்கும் "ஆராவது இருமுங்கோ, நிண்டிடப் போகுது" என்பாள். அப்பா இப்போது இல்லை. சிலுவைப்பாதையைச் சந்தியாப்பிள்ளை மாமாதான் வாசிக்கிறார்.

போன பெரிய வெள்ளியன்று, புதிதாக மாறி வந்த பாதர், வாசிப்பு முடிந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டுக் கவலையோடு கேட்டார்.

"ஒவ்வொரு தலத்திலயும் எல்லாரும் இருமினவை. இந்த ஊரில எல்லாருக்கும் தடிமன் காய்ச்சலோ?"

"ஓம் பாதர்," என்றேன். "வருசத்தில ஒருநாள் வரும்."