பூசையில் இருக்கும் அறிக்கை

“ஐயா, அந்த அறிக்கையை ஒருக்கா வாசியுங்கோ.”

மேலதிகாரியிடம் இப்படிக் கேட்கவே கூடாது என்று, நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே எழுதுவினைஞர் நடராசா அண்ணை படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கேட்டுவிட்டேன்.

ஆராய்ச்சிக்கு மரியாதை செய்வதில் எங்கள் யாழ்ப்பாணச் சிறுவர் நன்னடத்தை அலுவலகத்துக்கு ஈடு இப்பூவுலகில் இல்லை. எண்பத்து நான்கில் கொழும்பிலிருந்து ஓர் ஆய்வறிக்கை வந்தது. சிறுகுற்றம் செய்த பிள்ளைகளை அடைத்துவைத்தால் மேலும் கெடுகிறார்கள், வீட்டில் விட்டுக் கண்காணித்தால் திருந்துகிறார்கள் என்பது அதன் முடிவு என்று கூடவந்த கடிதம் சொன்னது. ‘உடனடியாக நடைமுறைப்படுத்துக’ என்றும் கட்டளை.

உடனடியாகக் கூட்டம் கூடினோம். வடையும் தேநீரும் நடைமுறைப்படுத்தப்பட்டன. அடுத்த கூட்டத்தில் அறிக்கைக்கு உறை போட்டோம். நவராத்திரி வந்ததும் சந்தனப் பொட்டு வைத்து, சரசுவதி படத்தின் காலடியில் ஏற்றிவிட்டோம்.

மறுநாள் புத்தூர் கனகாம்பிகையின் வழக்கு. வயது பதின்மூன்று. அயல்வீட்டுப் புகையிலைக் கட்டொன்றைத் திருடி விற்று ஐஸ்கிறீம் குடித்த பயங்கரக் குற்றவாளி. வீடா, சீர்திருத்தப் பாடசாலையா என்பதை எங்கள் சிபாரிசைப் பார்த்துத்தான் நீதவான் தீர்மானிப்பார்.

மேலதிகாரி மார்க்கண்டு ஐயா அதிர்ந்துபோனார்.

“பூசையிலை வைச்சதை விசயதசமிக்கு முந்தித் தொடலாமோ, பிள்ளை?”

“அதுக்கிடையிலை பெட்டையை அடைச்சுப்போடுவினம், ஐயா!”

“அடைக்கட்டும். அறிக்கை எங்கையும் ஓடாது.”

“வந்த நாளிலையிருந்து ஒருத்தரும் வாசிக்கேல்லையே!”

“உம்மடை வீட்டிலை நீர்தான் முதல் பட்டதாரி. வாசிப்பு உமக்குப் புதுசு. எங்களுக்கு அப்பிடியே?”

நடராசா அண்ணை சிரிப்பை அடக்கிப் பிரசாதக் கடலையை விழுங்கினார். ஐயா மேசை லாச்சியை இழுத்து, ‘சீர்திருத்தப் பாடசாலைக்கு அனுப்புக’ என்று ஏற்கெனவே அச்சடித்திருந்த தாளொன்றில் முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

“வாசிக்கக் கூடாதெண்டால் எழுதலாமோ, ஐயா?”

“ஆர் எழுதினது? குத்தினனான்.”

நான் படத்தடிக்குப் போய் அறிக்கையை உருவினேன். செவ்வரத்தம் பூக்கள் சிதறின.

“ஐயோ, பாவம் சூழும்!” என்றார் நடராசா அண்ணை.

வெளி விறாந்தையில் கனகாம்பிகையின் தாய் குந்தியிருந்தார்.

“எழும்புங்கோ அக்கா. நாளைக்குக் கோட்டிலை நீதவானுக்கு முன்னாலை இதை நானே வாசிக்கிறன்.”

“எங்கை போறீர்? வேலை போகும்! பூசையும் முடியேல்லை!” என்று ஐயா கத்தினார்.

“நடத்துங்கோ ஐயா. பலி குடுக்கப் பிள்ளையளை மட்டும் இனி என்னட்டைக் கேளாதேங்கோ.”

படியிறங்கினேன்.