எருக்க இலையும் பி12 ஊசியும்

இரண்டு வைத்தியத்தைச் சேர்த்துச் செய்தால் இரண்டு மடங்கு குணமாகும் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்களில், பத்தாம் வகுப்புக்கு நரம்பு மண்டலம் நடத்துகிற அறிவியல் ஆசிரியர் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சர்க்கரை வியாதியில் என் பாதங்கள் மரத்துப்போயிருந்தன. செருப்பு கழன்றது தெரியாமல் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் பாதி தூரம் நடந்திருக்கிறேன். விழுப்புரத்து டாக்டர் பி12 ஊசி போட்டு, "மெதுவாத்தான் சரியாகும்" என்றார். அந்த 'மெதுவா'தான் எனக்குப் பிடிக்கவில்லை. குதிகால் வலிக்கு எங்கள் பக்கம் ஒரு வைத்தியம் உண்டு. செங்கல்லைச் சுடவைத்து, மேலே எருக்க இலையைப் போட்டு மிதிப்பார்கள். உள்ளே ஊசி, வெளியே இலை, நடுவில் மாட்டிய நரம்பு எங்கே தப்பிக்கும்? (என்ன மூளை பாருங்கள்!)

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், என் மனைவி ஸ்டெல்லா செங்கல்லை அடுப்பில் வைத்துச் சுட்டுக் கொடுத்தாள். மிதித்தேன்.

"சூடே இல்லையே. கேஸ் மிச்சம் பண்றியா?"

மறுபடி சுட்டாள். இன்னும் கொஞ்சம் என்றேன்.

"இன்னாங்க இது, இடுக்கியில புடிச்சாலே அனல் அடிக்குது. நீங்க கால வச்சிக்கினு உக்காந்துனு இருக்கீங்க?"

"சயின்ஸ் வாத்தியாருக்கே பாடம் நடத்தாத. ஏதோ தீயற வாசனை வருது, போய் கொழம்பப் பாரு."

"கொழம்பு இன்னும் வைக்கவே இல்லீங்க."

குனிந்து என் காலைத் தூக்கிப் பார்த்தவள், "மாதாவே!" என்று அலறினாள். உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். துளிகூட வலி இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

விழுப்புரம் போகும்வரை காரில் ஸ்டெல்லா செபமாலை உருட்டிக்கொண்டே வந்தாள். சர்க்கரைப் புண்ணுக்காக முழங்காலோடு எடுக்கப்பட்ட பக்கத்துத் தெருக்காரரின் கால்தான் என் கண் முன்னே நின்றது.

"எடுத்துடுவாங்களாடி?"

"பேசாம வாங்க."

டாக்டர் புண்ணைச் சுத்தம் செய்து கட்டினார். பிறகு மெல்லிய நைலான் இழை ஒன்றை எடுத்துக்கொண்டு அடுத்த காலுக்கு வந்தார். "கண்ண மூடிக்குங்க. தொட்டா சொல்லுங்க."

தெரியவில்லை என்றால் இந்தக் காலும் போச்சு என்று நானாகவே முடிவுகட்டிவிட்டேன்.

"தெரியுது சார்."

விடாமல் மறுபடியும் சொன்னேன்.

"இப்பவும் தெரியுது சார். நல்லாவே தெரியுது!"

"சார், நான் இன்னும் தொடவே இல்லையே."

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "கால மட்டும் எடுத்துடாதீங்க சார்" என்று சின்னப் பிள்ளை மாதிரி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"யாரும் எடுக்கப் போறதில்ல. ஊசி அது வேலையப் பாக்கட்டும். மரத்த கால்ல சூடு வைக்கவே கூடாது. செங்கல்ல வீடு கட்டறதோட நிறுத்திக்குங்க."

புண் ஆறுவதற்குள் ஸ்டெல்லா பாதி இளைத்துப்போனாள். விரல்கள் எல்லாம் பத்திரம். ஆனால் சூட்டைப் பற்றிப் பேசும் உரிமை மட்டும் எனக்குப் பறிபோய்விட்டது. போன சித்திரையில், "இன்னிக்கு வெயில் அவ்வளவா இல்லையே" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். என் மகள் அடுப்படியைப் பார்த்துக் கத்தினாள்:

"அம்மா, அப்பா சூடு இல்லன்றாரு! ஃபயர் சர்வீஸுக்கு ஜல்தியா போன் போடு!"