காட்டுக்கு ஒரு கூடாத கல்

"இருக்கிறதுக்குள்ள ஒண்டுக்கும் உதவாத, கூடாத கல்லாப் பாத்து ஒண்டு தாங்கோ, நானா."

ஸஹாப்தீன் நானா கடைப் பலகைகளில் இரண்டை மட்டும் கழற்றி வைத்துவிட்டு உள்ளே இருந்தார். திருகோணமலையில் யப்பான்காரன் குண்டு போட்டு ஒரு கிழமை ஆகியிருந்தது. பாதி ஊர் ஓடிவிட்டது. இன்றைக்கு வந்த முதல் ஆள் இப்படிக் கேட்டதும் அவர் காதைக் குடைந்துகொண்டார்.

"கத்தி தீட்டுற கல்தானே தம்பி?"

"ஓம். சின்னனா, மடியில கட்டிக்கொண்டு காட்டுக்குப் போகக்கூடியதா இருக்கவேணும். ஆனால் கத்தி தீட்டுப்படக் கூடாது."

"குண்டுச் சத்தத்தில உங்களுக்கும் ஏதும் ஆகிப்போச்சோ?"

சோமசேகரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. துறைமுகக் களஞ்சியத்தில் அவனுக்குக் கிளாக்கர் வேலை. இரண்டு வருடம் மனுப்போட்டு, செருப்புத் தேய அலைந்து கிடைத்த வேலை. திங்கட்கிழமை வராதவர்களின் பெயர் வெட்டப்படும் என்று வாசலில் அறிவித்தல் ஒட்டியாயிற்று. ஆனால் அவனுடைய மாமனார் கனகரத்தினம், ஞாயிற்றுக்கிழமை விடிய வண்டி கட்டிக் காட்டுக்குப் போவது, சண்டை முடியும்வரை அங்கேயே குடிசை போட்டு இருப்பது என்று முடிவெடுத்திருந்தார்.

சாம்பல்தீவில் பெண் வீட்டோடு இருக்கிற மாப்பிள்ளை அவன். மாமனாருக்கு மறுவார்த்தை சொன்னதில்லை. மனைவி பூரணி மூலம் சொல்லலாம் என்றால், குண்டு விழுந்த மறுநாளே அவளைக் கட்டைபறிச்சானில் தமக்கை வீட்டுக்கு அனுப்பியாயிற்று. மிச்சம் மாமியார் வள்ளிநாயகி. மருமகனோடு நேரே கதைப்பது மரியாதை இல்லை என்று கலியாணம் முடிந்து மூன்று வருடமாக ஒரு சொல் பேசாதவர். சொல்ல வேண்டியதையெல்லாம் ஆட்டுக்குச் சொல்லுவார். "சோறு ஆறிப்போகுது, வந்து சாப்பிடன்" என்று குசினி வாசலில் ஆட்டைப் பார்த்துச் சொன்னால், சோமசேகரம் எழுந்து கை கழுவுவான்.

ஒரே ஒரு வழிதான் இருந்தது. "கத்தி கூரில்லாமல் காட்டுக்குள்ள காலெடுத்து வைக்கமாட்டன். கொல்லன் பட்டறை அங்க இல்லை. நல்ல கல்லொண்டு நீங்கள் பாத்து எடுங்கோ தம்பி" என்று மாமனார் சொல்லியிருந்தார். கல் சரியில்லை என்றால் பயணம் இல்லை. பயணம் இல்லை என்றால் வேலை மிஞ்சும்.

ஸஹாப்தீன் நானா கடையைக் குடைந்து ஒரு கல்லைக் கொடுத்தார். தொட்டாலே மாவாய் உதிர்ந்தது. சோமசேகரம் உச்சி குளிர்ந்து வீட்டுக்குப் போனான்.

அன்று பின்னேரம் மாமனார் நாலு இழுப்பு இழுப்பதற்குள் கல் பாதியாகிவிட்டது.

"இதுவோ கல்? ஒரு கல்லுப் பாத்து எடுக்கத் தெரியாத ஆளுக்கோ என்ர பிள்ளையைக் குடுத்தனான்?"

சோமசேகரம் தலையைக் குனிந்து, உள்ளுக்குள் சிரித்தான். மாமனாரோ சட்டென்று விடுகிற ஆள் இல்லை. தீட்டின கத்திக்குத் தேங்காயெண்ணெய் பூசி ஓர் இரவு வைத்தால்தான் கூர் ஏறும் என்பது அவருடைய கட்சி. எண்ணெய் பூசிக் குசினித் தட்டில் வைத்தார்.

காலையில் கத்தியை எடுத்து முன்கையில் வைத்து இழுத்தார். மயிர் பொலபொலவென்று கொட்டியது.

"தம்பி! கல்லெண்டால் இதெல்லோ கல்! உயிரைக் குடுத்து வேலை செய்திருக்கு. ஆனால் கரைஞ்சு போச்சு. இதைவிட உறுதியாய் ஒண்டு எடுத்து வாங்கோ."

சோமசேகரம் திகைத்துப்போய்த் திரும்பக் கடைக்கு ஓடினான். இந்தமுறை உறுதியான கல்தான். கண்ணாடி மாதிரி வழுவழு என்று கடற்கரையில் உருண்ட கூழாங்கல். கத்தி அதில் சறுக்கி விளையாடியது. மாமனார் பகல் முழுக்கத் தென்னோலை வெட்டிக் கத்தியை மழுக்கிவிட்டு, பின்னேரம் தீட்டிப் பார்த்து மறுபடி ஏசினார். மறுபடி எண்ணெய். சனிக்கிழமை காலை மற்றக் கையிலும் மயிர் இல்லை.

"உங்களுக்குக் கைராசி தம்பி!" என்று முதுகில் தட்டினார் மாமனார். விஷயம் அயலுக்கும் பரவியது. காட்டுக்குப் புறப்பட்டிருந்த நாலைந்து பேர் ஸஹாப்தீன் நானாவிடம் போய், கையில் அகப்பட்ட கூழாங்கல்லையெல்லாம் அள்ளிக்கொண்டு போனார்கள்.

பயணத்தை நிறுத்த இன்னொரு கூடாத கல்லுத்தான் வழி என்று சோமசேகரத்துக்குப் பட்டது. தானே வாயைத் திறந்தான்.

"மாமா, ஒரு கல் போதாது. துலைஞ்சால் என்ன செய்யிறது? உதவிக்கு இன்னொண்டு எடுப்பமே?"

"புத்தியான கதை!"

நானாவிடம் கல் தீர்ந்துவிட்டிருந்தது. "கல் வேண்டாம் நானா, அந்த ஓட்டுத் துண்டைத் தாங்கோ" என்று, குண்டு அதிர்ச்சியில் கூரையிலிருந்து விழுந்த ஓட்டில் ஒரு துண்டைக் கடதாசியில் சுற்றி வாங்கி வந்தான். அன்றும் ஓலை வெட்டி மழுக்கின கத்தியை மாமனார் அதில் தீட்டியபோது, கத்தி சிவப்பாகியதே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. மூன்று நாளில் வாங்கின ஏச்சில் அன்றைய ஏச்சுத்தான் பெரியது. அதைக் கேட்கக் கேட்கச் சோமசேகரத்துக்குத் தேனாய் இனித்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிய வண்டியில் பானை, பாய், அரிசி எல்லாம் ஏறிவிட்டன. மாமனார் கைகளில் மயிர் இல்லாததால் காலில் இழுத்துப் பார்த்தார். கெண்டைக்கால் பளபளத்தது.

"ஏறுங்கோ தம்பி!"

சோமசேகரம் ஏறவில்லை. மரியாதை, பயம் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு, மூன்று வருடத்தில் முதல்முறையாக வாயைத் திறந்து உள்ளதைச் சொன்னான்.

"மாமா, எனக்கு வர ஏலாது. நாளைக்குப் போகாட்டில் வேலை போயிடும். வேணுமெண்டுதான் கூடாத கல்லாத் தேடித் தேடி வாங்கினனான்!"

மாமனார் கத்தியைக் கீழே வைத்தார். பிறகு வண்டிச் சட்டத்தில் பொத்தென்று இருந்தார்.

"அப்ப உங்களுக்குப் பயமில்லையோ?"

"எனக்கென்ன பயம்?"

"குண்டு விழுந்தண்டு நீங்கள் அலுமாரிக்குள்ள புகுந்து மத்தியானம் வரைக்கும் வெளிய வரேல்லை. பூரணி தாலியோட இருக்கவேணுமெண்டால் உங்களைக் காட்டுக்குத்தான் கொண்டுபோக வேணுமெண்டு நினைச்சன். எனக்குக் காடெண்டாலே ஏலாது தம்பி. வெட்டையான வயலில படுத்தாலும் யானை வருமெண்டு கண் மூடமாட்டன்!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார்கள். சோமசேகரத்துக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இவ்வளவு லேசாக முடிகிற காரியத்துக்கா மூன்று நாள் செத்துப் பிழைத்தோம் என்று இருந்தது. மாமனார் பானைகளை ஒவ்வொன்றாகச் சந்தோஷமாக இறக்கினார். பாயை இறக்கும்போதுதான் ஒன்று உறைத்தது.

"அது கிடக்கட்டும் தம்பி. ஓட்டுத் துண்டில தீட்டின கத்தி எப்பிடி என்ர காலை வழிச்சது?"

குசினி வாசலில் நின்ற வள்ளிநாயகி, முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு ஆட்டைப் பார்த்துச் சொன்னார்:

"கேட்டியே, எங்கட வீட்டு மருமகன் ஒரு கல்லால ஏச்சு வாங்கக் கூடாதெண்டு, விடியக்காலமை ஒவ்வொரு நாளும் கிணத்தடிக் கல்லில கத்தியைத் தீட்டி வைச்சது நானெல்லோ!"